ஜிம்னிக்கு வாங்கியதும் வாங்காததும்: ஒரு தோட்டப் பாதையின் கணக்கு

இந்த வருட ஐப்பசி, கார்த்திகை மழையில் தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் பெரியப்பாவின் காபித் தோட்டத்துக்கு எங்கள் வண்டி டிராக்டர் துணையில்லாமல் ஏறி இறங்கிவிட்டது. அதற்கு ஆன மொத்தச் செலவு 75 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் ஆக்சஸரீஸ் கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலோ 2 லட்சத்து 40 ஆயிரம். மாருதி ஜிம்னியோ மஹிந்திரா தாரோ பழைய ஜிப்சியோ, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்து என்ன மாட்டலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

வண்டி ஐந்து கதவு மாருதி ஜிம்னி, ஆல்ஃபா மேனுவல். பாதை, தார் ரோடு முடியும் இடத்திலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் செம்மண். மூன்று கொண்டை ஊசி, ஓர் ஓடை, ஜீப்புகள் போய்ப் போய்ப் பள்ளமான இரண்டு சக்கரத் தடம், நடுவில் மேடு. வெயில் காலத்தில் எந்த வண்டியும் போகும். மழை பெய்தால் மண் சோப்பு மாதிரி ஆகிவிடும். உள்ளூர் ஜீப்காரர்கள் பின்சக்கரத்துக்கு இரும்புச் செயின் சுற்றிக்கொண்டு காபி மூட்டை இறக்குவார்கள்.

கடைப் பட்டியலில் இருந்தவை: 2 அங்குல லிப்ட் கிட் (ஸ்பிரிங்கை உயர்த்தி வண்டியைத் தூக்குவது) 55,000, இரும்பு முன்பம்பர் 32,000, விஞ்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) 48,000, ஸ்நார்கல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) 14,000, கூரை கேரியர் 22,000, எல்இடி பார் 9,000, 235/75 ஆர்15 அளவில் ஸ்டெப்னியோடு ஐந்து எம்டி (சேற்றுக்கான) டயர் 60,000. விலையைப் பார்த்ததைவிட எடையைப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. இந்த வண்டியின் வெறும் எடை 1,200 கிலோ. ஆளும் சாமானும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545. மிச்சம் 345 கிலோ. ஆளுக்கு 70 கிலோ என்று நாலு பேர் ஏறினால் 280 போய்விடும், கையில் நிற்பது 65. கடைக்காரரிடம் பம்பரின் எடையைக் கேட்டேன், 42 கிலோ என்றார். விஞ்ச் 28. இரண்டு சேர்ந்தாலே 70. ஒரு தண்ணீர் கேன்கூட வைக்காமல் கணக்கு தாண்டிவிட்டது. அதுவும் முன் அச்சுக்கு முன்னால் தொங்குகிற எடை. பின்னாலேயே முன் ஸ்பிரிங் மாற்றச் சொல்வார்கள், பிறகு அலைன்மென்ட், அப்புறம் பிரேக். ஒன்றை மாட்டினால் அது இன்னொன்றைக் கேட்கும். மஹிந்திரா தார் 1,700 கிலோவுக்கு மேல் எடையுள்ள, முறுக்குவிசை அதிகமான வண்டி, அதற்கு இது பெரிதாகத் தெரியாது. 134 நியூட்டன் மீட்டர் மட்டும் தரும் 1.5 லிட்டர் பெட்ரோலுக்கு நன்றாகவே தெரியும்.

பம்பர் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. முன்பக்கக் கம்பித் தடுப்புகள் (புல் பார்) மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொன்னது. “இது பம்பர் சார், புல் பார் இல்ல” என்றார் கடைக்காரர். செக்போஸ்டில் நிற்கும்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். கிளெய்ம் கேட்கும்போது இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் போட்டோவைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே பட்டியலை மடித்து வைத்துவிட்டு, டேப், சாக்பீஸ், நோட்டோடு பாதையை நடந்து பார்த்தேன். எந்த இடத்தில் வண்டி நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று மட்டும் எழுதினேன். இரண்டாவது வளைவுக்கு மேலே ஏற்றத்தில் பிடிமானம் இல்லை. ஓடைக்கு முன்னால் குறுக்கே ஓடும் பள்ளத்தில் ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் தரையை விட்டுத் தூக்கிக்கொள்கின்றன. மூன்றாவது வளைவில் நடு மேட்டில் ஒரு கல், பின் டிஃப்ரன்ஷியலை (அச்சின் நடுவில் இருந்து இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் குண்டு) தட்டுகிறது. அப்புறம் ஓடை.

அந்தக் கல்லில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் லிப்ட் கிட் அங்கேதான் செத்தது. சக்கரத் தடத்திலிருந்து கல்லின் உச்சி வரை டேப் பிடித்தால் 215 மில்லிமீட்டர். வண்டியின் தரை இடைவெளி 210. கடையில் கேட்டால் “2 அங்குலம் தூக்கிட்டா தாராளமா போகும்” என்பார்கள், போகாது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு அச்சு. டிஃப்ரன்ஷியல் குண்டு அந்த அச்சோடு ஒட்டியது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடியும் சேஸிஸும்தான் மேலே போகும், குண்டு இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. லிப்டால் ஏறும் கோணமும் நடு வயிற்று இடைவெளியும் கூடும் என்பது உண்மை. ஆனால் நீட்டிய வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) இருந்தும் எங்கள் பாதையில் வயிறு எங்கும் தட்டவில்லை. 55 ஆயிரத்துக்குப் பதிலாக 600 ரூபாய்க்கு ஒரு கடப்பாரை வாங்கினேன். தோட்டத்து ஆள் ஒருவரும் நானும் சேர்ந்து அரை மணி நேரத்தில் கல்லைப் பெயர்த்து, பள்ளத் தடத்தில் உருட்டிவிட்டோம். சொந்தப் பாதை என்பதால் செய்ய முடிந்தது. வனத்துறை நிலத்தில் ஒரு கல்லையும் தொடக் கூடாது, வண்டியைக் கொண்டுபோகவே அனுமதி வேண்டும்.

அடுத்தது ஏற்றம். டயர் வாங்குவதற்கு முன்னால், கம்பெனி எச்டி (தார் ரோட்டுக்கான) டயரிலேயே காற்றை இறக்கிப் பார்க்கச் சொன்னவர் செயின் கட்டும் ஜீப்காரர் ஒருவர். “தம்பி, காத்த எறக்காம டயர கொற சொல்லாதீங்க.” தார் ரோட்டில் நான் வைப்பது 28 பிஎஸ்ஐ. 18-க்கு இறக்கினேன். குனிந்து பார்த்தால் டயரின் பக்கச் சுவர் கீழே லேசாகப் பிதுங்கி நிற்கும், தடம் நீளமாகிவிடும். ஈரம் குறைவான நாளில் அந்த ஏற்றத்தை அதே டயர் ஏறியது. சும்மா காற்றை விட்டதற்கே இந்தப் பலன். நல்ல மழை நாளில் மட்டும் ஏறவில்லை: டயர் வரிகளுக்குள் செம்மண் அடைத்துக்கொண்டு, நாலு சக்கரமும் வழவழவென்று சுற்றின. அதன் பிறகுதான் டயருக்குக் காசு எடுத்து வைத்தேன்.

அளவுதான் பெரிய குழப்பம். கம்பெனி அளவு 195/80 ஆர்15 (அகலம் 195 மி.மீ., பக்கச் சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம்), விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703.5, அதாவது அச்சு 5 மி.மீ. உயரும், ஸ்பீடோமீட்டர் ஒன்றரை சதவீதம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். 235/75 ஆர்15 என்றால் 733.5. அச்சு 20 மி.மீ. உயரும். அது ஆசை காட்டுகிற எண்தான். ஆனால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதும், சக்கரம் உள்ளே ஏறும்போதும் உரசும், அதற்காகவே லிப்ட் தேவைப்படும். கியர் விகிதம் ஏறக்குறைய 6 சதவீதம் நீளும். பெரும்பாறை மலை ரோட்டில் மூன்றாவது கியரில் ஏறுவது இரண்டுக்கு வந்துவிடும். எம்டியா ஏடியா (தார், மண் இரண்டுக்கும் பொதுவானது) என்பதில் எனக்கு அதிகம் யோசனை இல்லை. வண்டி ஓடுவதில் பெரும்பகுதி மதுரை, திண்டுக்கல் தார் ரோடு. எம்டி டயர் சேற்றைத் துப்பும், மறுக்கவில்லை. நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது அது என்ன செய்யும் என்பதும் தெரியும். 215/75-இல் ஐந்து ஏடி டயர், ஒன்று 8,200 வீதம் 41,000. பாலன்ஸிங், அலைன்மென்ட் 1,500. பழைய டயர்கள் அதிகம் தேயாததால் 14,000-க்குப் போயின. நாலு மட்டும் மாற்றி ஸ்டெப்னியைப் பழைய அளவில் விடுபவர்கள் உண்டு. 4எச் (நாலு சக்கர இழுவை) போட்டு ஓட்டும் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டமாக இருந்தால் அந்தச் சுமை, முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்குப் போகும். ஐந்தாவதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

18 பிஎஸ்ஐ, ஏடி டயர், 4எல் (நாலு சக்கர இழுவையில் மெதுவான, விசை கூடிய நிலை) இரண்டாவது கியர், ஒரே சீரான வேகம். அந்த ஏற்றம் இப்போது ஏறுகிறது. அடைமழைக்கு மறுநாள் காலையில் மட்டும் ஏறுவதில்லை, அதற்கு ஜீப்காரரின் செயின்தான். இதே டயரைக் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் ஈரத்தில் ஓட்டிய நண்பர், நாலு சுற்றில் சக்கரத்தைச் சுற்றி இட்லி மாவு அப்பினாற்போல ஆகிவிட்டது என்றார். அங்கே எந்தப் பூ போட்ட டயரும் ஒன்றுதான். காய்கிறவரை காத்திருப்பதே வழி.

காற்றை இறக்குகிறவனுக்குத் திரும்ப ஏற்ற வழி வேண்டும். இந்த இடத்தில்தான் காசு இரண்டு முறை போனது. முதலில் 2,200-க்கு ஒரு சின்ன கம்பிரஸர். சிகரெட் சாக்கெட்டில் சொருகுகிற வகை. கார் சாக்கெட் தாங்குவது பொதுவாக 10 ஆம்பியர், அதாவது 120 வாட். அந்த அளவுக்குள் ஓட வேண்டுமானால் மோட்டார் சிறியதாகத்தான் இருக்கும். ஒரு டயருக்கு 7 நிமிடம் எடுத்தது, மூன்றாவது டயரில் சூடாகி நின்றது. ஆற வைத்து, மறுபடி போட்டு, இருட்டிவிட்டது. அடுத்து வாங்கியது நேராக பேட்டரி முனைகளில் கவ்வுகிற வகை, 6,800. 18-லிருந்து 28-க்கு ஒரு டயருக்கு இரண்டரை நிமிடம், செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தது. இன்ஜினை ஓடவிட்டுத்தான் போட வேண்டும். வால்வில் திருகி மாட்டும் பித்தளை முனை வந்தது, அதைக் கழற்றும் இரண்டு வினாடியில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கசிந்துவிடுகிறது. கிளிப் முனை தனியாக வாங்கி மாற்றலாம், இன்னும் செய்யவில்லை.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பிரஸரில் ஒட்டிய மீட்டர், பெட்ரோல் பங்க் மீட்டர், 900 ரூபாய்க்கு வாங்கிய தனி மீட்டர், மூன்றும் மூன்று சொல்லின. பங்க்கில் 28 என்றால் கம்பிரஸரில் 31. எது சரி என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. தனி மீட்டரையே ஒரே அளவுகோலாக வைத்துக்கொண்டேன், 18 என்று நான் எழுதுவதெல்லாம் அதில் பார்த்த 18. காற்றை இறக்கும் பித்தளைக் கருவி 1,500-க்கு விற்கிறார்கள். சைக்கிள் கடை வால்வு சாவி 60 ரூபாய். ஊசியைக் கழற்றி, கட்டைவிரலால் அடைத்து அடைத்துக் காற்றை விட்டு, மீட்டர் பார்த்து, திரும்பத் திருகினால் முடிந்தது. ஊசி புல்லுக்குள் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு ஊசி உபரியாகப் பையில் வைத்திருக்கிறேன்.

குறுக்குப் பள்ளத்தைத் தாண்ட, பின் டிஃப்ரன்ஷியலுக்கு லாக்கர் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைப்பது) போடலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். வேலைக்கூலியோடு அரை லட்சத்தைத் தாண்டும் சமாச்சாரம். அதற்கு முன் பள்ளத்தில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, ஒரு நண்பரை வெளியே நின்று பார்க்கச் சொன்னேன். தூக்கிய சக்கரம் சுற்றத் தொடங்கியதும் நான் பழக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுகிறேன், வண்டி பின்னால் சரிகிறது. 4எல்-இல் இந்த வண்டி சுற்றுகிற சக்கரத்துக்கு மட்டும் தானாகப் பிரேக் போட்டு, விசையை எதிர்ச்சக்கரத்துக்குத் தள்ளும். அதற்குச் சக்கரம் சற்று நேரம் சுற்றியாக வேண்டும். அடுத்த தடவை காலை எடுக்காமல் 2,000 சுற்றில் அப்படியே பிடித்தேன். கீழே கர்ர்ர் என்று பிரேக் கடிக்கும் சத்தம், ஒரு குலுக்கல், பிறகு வண்டி மெல்ல ஊர்ந்து மேலே வந்தது. லாக்கர் விசாரணை அன்றோடு முடிந்தது.

மாட்டிக்கொண்டால் வெளியே வரும் சாமான்களுக்கு வருவோம். நம் ஊரில் எல்லார் டிக்கியிலும் ஒரு பட்டைக் கயிறு, இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி. சேற்றில் புதைந்த வண்டியை அதில் வெடுக்கென்று இழுத்தால் கொக்கியோ, வண்டியின் வளையமோ தெறிக்கும். அது கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். இழுத்து நீளும் கைனடிக் கயிறு 19 மி.மீ., 9 மீட்டர், 7,200 ரூபாய். இதில் தடிமன் அதிகமானால் நல்லது என்று நினைக்க வேண்டாம். லேசான வண்டி இழுக்கும்போது 24 மி.மீ. கயிறு அவ்வளவாக நீளாது, வெறும் கயிறாகிவிடும். கயிற்றை வண்டியில் கோக்க நைலான் போல இருக்கும் மென் ஷேக்கிள் (நாரால் ஆன கோக்கும் வளையம்) இரண்டு 2,600. இரும்பு ஷேக்கிளைவிட லேசு, அறுந்தாலும் குண்டாகப் பறக்காது.

கயிறு நன்றாக இருந்து, கோக்கும் இடம் சரியில்லை என்றால் வீண். வண்டியோடு வரும் வளையங்கள் லாரியில் ஏற்றிக் கட்டவா, இழுக்கவா என்பதைக் கையேட்டில் பார்த்து, கீழே படுத்து, எந்த போல்ட்டில் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். நான் முன்னும் பின்னும் சேஸிஸில் போல்ட் ஆகும் தடித்த பட்டைகள் 6,500-க்கு வாங்கினேன். வந்த போல்ட்டுகளின் தலையில் வலிமையைக் காட்டும் எந்த எண்ணும் இல்லை. 10.9 என்று பொறித்த போல்ட்டுகளை ஹார்டுவேர் கடையில் வாங்கி மாற்றினேன். பட்டையின் துளை லேசரில் வெட்டியது, ஓரம் பிளேடு மாதிரி. மென் ஷேக்கிளை அதில் அப்படியே மாட்டினால் முதல் இழுப்பிலேயே நார் அறும். அரைவட்ட அரத்தால் இரண்டு பக்கமும் ராவி, எமரி தாள் போட்டு, விரலை விட்டுச் சுற்றினால் கீறாத வரை தேய்த்தேன். துரு வராமல் பெயின்ட். ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போனது, ஆனால் மொத்த வேலையில் இதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

அது பயன்பட்டது என் வண்டிக்கு இல்லை. மலைவாழைத் தார் ஏற்றிய பக்கத்துத் தோட்டத்துப் பிக்கப் பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. பாரத்தோடு அது என் வண்டியைப் போல இரண்டு மடங்கு. தார்களை இறக்கச் சொன்னோம், டயருக்கு முன்னால் மண்வெட்டியால் சரிவு வெட்டினோம், இறங்கு பக்கமாக இழுத்தோம். கயிற்றில் ஒரு மீட்டர் தொய்வு விட்டு, நடுவில் ஈரச் சாக்கைப் போட்டு, ஆட்களை எல்லாம் கயிற்றின் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் போகச் சொல்லி, 4எல் இரண்டாவது கியரில் நிதானமாக நகர்ந்தேன். முதல் இழுப்பில் கயிறு நீண்டு நின்றது. இரண்டாவதில் பிக்கப் குதித்து வெளியே வந்தது. வெட்டிய சரிவு இல்லாமல் இது நடந்திருக்காது. 450 ரூபாய் மண்வெட்டிக்குப் பாதிப் பங்கு.

சக்கரத்துக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் பலகைகள் ஒரு ஜோடி 3,800-க்கு வாங்கியது தண்டம். சக்கரம் சுற்றிய சூட்டில் பற்கள் உருகி வழவழப்பாகிவிட்டன. நல்ல தரத்தில் பத்தாயிரத்துக்கு மேல் போகும். கடற்கரை மணலில் ஓட்டுகிறவர்களுக்கு அது தேவை, எங்களுக்குக் காபி மர விறகும் சாக்கும் போதும். விஞ்ச் மோசமான சாமான் என்று சொல்லமாட்டேன். தனியாக, ஆளில்லாத இடத்துக்குப் போகிறவருக்கு அதைவிட்டால் வழியில்லை. எங்களுக்கு அரை மணி நேரத் தூரத்தில் டிராக்டர் இருக்கிறது. எல்இடி பார் மலையில் மூடுபனியைத்தான் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

ஓடைக்கு ஸ்நார்கல் கேட்டது கடை. ஓடையில் அதிகபட்சத் தண்ணீர் முழங்காலுக்குக் கீழ். அதற்கு மேல் ஓடினால் தடுமாறுவது இன்ஜின் மூச்சு மட்டும் இல்லை, இந்த எடைக்கு வண்டியே மிதந்து ஒதுங்கும். அப்போது கரையில் நின்று டீ குடிப்பதுதான் உத்தி. கவனிக்க வேண்டியது அச்சின் மூச்சுக்குழாய். ஏறி வந்த சூட்டில் அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மூச்சுக்குழாயை இன்ஜின் அறை உயரத்துக்கு நீட்டிவிட்டால் அதன் வழியாகத் தண்ணீருக்குப் பதில் காற்று போகும். எண்ணெய்க்குத் தாக்குப்பிடிக்கும் ரப்பர் ஹோஸ், கிளிப், இணைப்பு எல்லாம் 700. முன், பின் இரண்டுக்கும் சேர்த்து ஒரு காலை வேலை. மழைக்காலம் முடிந்ததும் பின் அச்சின் நிரப்பும் போல்ட்டைக் கழற்றி, விரலை விட்டு எண்ணெயைப் பார்த்தேன். கறுப்பும் தேன் நிறமும் கலந்து, தெளிவாக இருந்தது. வெளுத்துக் கலங்கி இருந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

450 ரூபாய் பஞ்சர் கிட்டையும் சேர்த்தால் மொத்தம் 74,760. டயர் விற்ற காசைக் கழித்தால் 60,760. இதில் முதல் கம்பிரஸரும் பலகையும் சேர்ந்த 6,000 வெட்டிச் செலவு. மறுபடி தொடங்கினால் முதலில் மீட்டர், வால்வு சாவி, பேட்டரி கம்பிரஸர் மூன்றை மட்டும் வாங்கி ஒரு மழைக்காலம் கம்பெனி டயரிலேயே ஓட்டிப் பார்ப்பேன். டயர் அதற்கு அடுத்த வருடம்.

இப்போது பார்த்துக்கொண்டிருப்பது டிரான்ஸ்பர் கேஸுக்கு அடித்தகடு. பெயர்த்த கல்லின் துண்டு ஒன்று அடியில் கீறிவிட்டிருக்கிறது. இரும்பு 11 கிலோ, 6,500. அலுமினியம் 6 கிலோ, 11,000. எடைக் கணக்கில் அலுமினியம் ஜெயிக்கிறது, ஆனால் கடையில் இருந்த தகட்டில் எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு நேராகத் துளை இல்லை. ஒவ்வொரு ஆயில் மாற்றலுக்கும் ஆறு போல்ட் கழற்ற எனக்குப் பொறுமையில்லை. துளையோடு வெட்டித் தருகிற பட்டறை கிடைத்தால் வாங்குவேன்.